மீண்டும் மீண்டும் பிப்ரவரி 2

(படக்காட்சி ஒன்றின் முடிவில் நிகழ்த்திய உரை)



சற்று முன்புதான் விளக்கைப் போட்டோம். நாம் எல்லோரும் 101 நிமிஷம் ஒன்றாக உட்கார்ந்து சிரித்திருக்கிறோம். நடுவில் ஓரிரண்டு இடங்களில் கொட்டகை நிசப்தமாக இருந்ததையும் கவனித்தோம். படத்தின் பெயர் 'கிரவுண்ட்ஹாக் டே'. 1993 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளிவந்தது. கதை டானி ரூபின் என்ற எழுத்தாளருடையது. திரைக்கதையை ரூபினும் டைரக்டர் ஹெரால்டு ராமிஸும் சேர்ந்து எழுதினார்கள். பில் மர்ரேயும் ஆண்டி மக்டவலும் பிரதான பாத்திரங்களில் நடித்தார்கள்.

படம் தொடங்குமுன் ஒரு நண்பர் வாசலிலேயே நம்மை மறித்து ஒரு கேள்வி கேட்டார். "காதல், தமாஷ், மாயம் மூன்றையும் கலந்து கொடுக்கும் ஹாலிவுட் சரக்குதானே இது? உழைத்துக் களைத்து வருகிற ஜனங்களைக் கூட்டி வைத்து இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்றார்.

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட. நம்முடைய பதில் இதுதான்: நெசவாளிக்கு நல்ல புடவை எப்படி நெய்யப்பட்டது என்று தெரியும், அதனால் மட்டமான புடவையை அவன் தலையில் யாரும் கட்டிவிட முடியாது. சினிமா விஷயத்தில் நாம் எல்லோரும் வாங்குகிறவர்கள். நெசவு தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். நன்றாக நெய்த ஒரு படத்தைப் பிரித்துப் பார்த்தால், நாளைக்கு நம்மிடம் விற்கவரும் நூறு படங்களை எடைபோட நமக்குக் கண் கிடைக்கும். சிரிப்புப் படம் என்பதால் அதைச் செய்தவர்களின் உழைப்பு இலேசானது என்று நினைத்துவிடக் கூடாது. அழவைப்பதைக் காட்டிலும் சிரிக்கவைப்பது கடினம் என்பதை நாடகம் போட்டவர்கள் அறிவார்கள்.

கதை என்ன?

பின்னால் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுவோம்.

பிட்ஸ்பர்க் நகரில் டெலிவிஷனில் வானிலை சொல்லுகிறவன் பில் கானர்ஸ். தலைக்கனம் பிடித்தவன். தன்னோடு வேலை செய்பவர்களையே துச்சமாகப் பேசுகிறவன். பென்சில்வேனியா மாகாணத்தில் பங்ஸுடானி என்ற சிற்றூர் இருக்கிறது. கிரவுண்ட்ஹாக் என்பது அணில் இனத்தைச் சேர்ந்த, வளை தோண்டி வாழும் ஒரு பிராணி. பிப்ரவரி 2-ந் தேதி அது தன் நிழலைப் பார்த்தால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதற்கு அந்த ஊரில் ஆண்டுதோறும் விழா. அந்த விழாவைப் படம்பிடிக்க பில் போகிறான். தயாரிப்பாளராக ரீட்டா என்ற பெண்ணும், காமிராக்காரர் லாரியும் கூடப் போகிறார்கள். திரும்பும் வழியில் பனிப்புயல் மறிக்கிறது. புயல் இந்தப் பக்கம் வராது என்று சொன்னவனும் அவன்தான்! ஊருக்கே திரும்பி வந்து தூங்குகிறார்கள். காலை ஆறு மணிக்கு ரேடியோ பாடுகிறது. எழுந்தால் மறுபடியும் பிப்ரவரி 2. அடுத்த நாளும் அதே தேதி. அதற்கடுத்த நாளும் அதுவே. மற்ற யாருக்கும் எதுவும் நினைவில்லை. அவனுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது.

நம் ஊரில் இதற்கு ஒரு உவமை உண்டு: செக்குமாடு. நாள் முழுவதும் நடக்கும். ஓர் அடிகூட ஊர் தாண்டாது. அந்த மாட்டுக்குத் தான் சுற்றுவது தெரிந்துபோனால் என்ன ஆகும்? அதுதான் படம்.

அஸ்திவாரம் போட்ட முதல் நாள்

இந்தக் கதையை எடுப்பதில் ஒரு பெரிய அபாயம் இருக்கிறது. அரைத்த மாவையே அரைத்தால் பார்க்கிறவன் எழுந்து போய்விடுவான். ஒரே நாளைத் திரும்பத் திரும்பக் காட்டியும் சலிப்புத் தட்டாமல் இருக்க என்ன செய்தார்கள்?

முதல் பிப்ரவரி 2 நிதானமாகப் போகிறது. கடிகாரத்தின் எண்தகடு 5:59-லிருந்து 6:00 என்று புரளுகிறது. ரேடியோவில் 1965-ல் பிரபலமான ஒரு காதல் பாட்டு. மாடிப்படியில் ஒரு குண்டு மனிதர் வந்து பேச்சுக் கொடுக்கிறார். கீழே விடுதிக்கார அம்மாள் காப்பியோடு நிற்கிறாள். தெருவில் ஒரு கிழவர் கை ஏந்தி நிற்கிறார். பழைய பள்ளித் தோழன் நெட் ரையர்சன் ஓடிவந்து கட்டிக்கொண்டு இன்ஷூரன்ஸ் விற்கப் பார்க்கிறான். அவனிடமிருந்து தப்பி நடக்கும்போது பில் ஒரு பனிக்குட்டையில் காலை விடுகிறான். பிறகு விழா, பிறகு புயல், பிறகு குளிர்ந்த நீர்க் குளியல்.

பார்க்கும்போது இவையெல்லாம் துண்டுதுண்டான தமாஷாகத் தோன்றின, இல்லையா? உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு ஆணி. பின்னால் ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சட்டையை மாட்டப் போகிறார்கள். இரண்டாம் நாள் அதே மனிதர், அதே அம்மாள், அதே குட்டை. பில் குழம்புகிறான், நாம் சிரிக்கிறோம். மூன்றாம் முறை நமக்கே வழி தெரிந்துவிடுகிறது. குட்டை வருமுன்னே நாம் சிரிக்கத் தயாராகிவிடுகிறோம். பார்க்கிறவனையும் கதாநாயகனைப் போலவே அந்த ஊரில் பழக்கப்படுத்தி விடுகிறார்கள். இதைவிடப் பெரிய வித்தை வேறு என்ன?

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பல்லவி ஒரே வரிதான். பாடகர் அதையே திரும்பப் பாடுகிறார். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சங்கதி சேருகிறது. வரி மாறாததால்தான் சங்கதி தெரிகிறது. இந்தப் படத்தில் பிப்ரவரி 2 பல்லவி. பில் கானர்ஸின் மனம்தான் சங்கதி.

ரூபின் முதலில் எழுதிய பிரதியில் கதை நடுவிலிருந்து தொடங்கியது. அதில் பில் ஏற்கெனவே சுழலில் மாட்டிப் பலகாலம் ஆகியிருக்கும். எல்லாம் அறிந்தவனாக எழுந்து வருவான். அவனுக்கு எப்படித் தெரிகிறது என்று நாம் திகைக்க வேண்டும். ராமிஸ் இதை மாற்றி, சுழலுக்கு முந்திய நாளிலிருந்து தொடங்கினார். நடுவிலிருந்து தொடங்கியிருந்தால் பில் நமக்கு ஒரு விடுகதையாக இருந்திருப்பான். முதலிலிருந்து தொடங்கியதால் அவன் நமக்குச் சகபயணி ஆனான். எழுத்தாளனின் புதுமையும் டைரக்டரின் அனுபவமும் மோதி, ஒன்றையொன்று திருத்தி உருவான திரைக்கதை இது.

கத்தரியின் கணக்கு

எடிட்டிங் என்று சொல்லுகிறோமே, அதன் முழு வலிமையையும் இந்தப் படத்தில் பார்க்கலாம். பெம்ப்ரோக் ஹெர்ரிங் என்பவர் இதன் எடிட்டர்.

முதல் நாட்கள் முழுநீளத்தில் வருகின்றன. நமக்கு ஊர் பழகியதும் நாட்கள் குறுகத் தொடங்குகின்றன. ஒரு நாள் ஐந்து நிமிஷம். ஒரு நாள் ஒரு நிமிஷம். ஒரு நாள் ஒரே ஒரு அறை! ரீட்டாவின் கை பில்லின் கன்னத்தில் விழும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அறைக்குப் பின் அறை, அறைக்குப் பின் அறை. ஒவ்வொரு அறையும் ஒரு முழு நாள். ஒரு மாலை முழுவதும் பாடுபட்டு, முடிவில் வாங்கிய கூலி. அந்த நாட்களை நமக்குக் காட்டவில்லை. முடிவை மட்டும் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். மிச்சத்தை நாமே நிரப்பிக்கொண்டு சிரித்தோம்.

எண்ணிப் பார்த்தவர்கள், திரையில் வருவது நாற்பதுக்கும் குறைவான நாட்களே என்கிறார்கள். ஆனால் பில் அந்தச் சுழலில் எத்தனை காலம் கிடந்தான்? ராமிஸ் ஒரு சமயம் பத்து ஆண்டு என்றார். பிறகு முப்பது, நாற்பது ஆண்டு இருக்கலாம் என்றார். படம் கணக்குச் சொல்லவில்லை. அவன் பியானோ கற்பதைக் காட்டுகிறது. முதலில் தட்டுத் தடுமாறுகிறான். கடைசியில் விருந்தில் ரஷ்ய இசைமேதை ராஹ்மானினவின் இசையை வாசித்துக் கூட்டத்தையே ஆடவைக்கிறான். நடுவில் எத்தனை ஆயிரம் காலைகள் கழிந்திருக்க வேண்டும் என்பதை விரல்களே சொல்லிவிடுகின்றன. சொல்லிக் கொடுக்கும் அம்மாளுக்கோ ஒவ்வொரு நாளும் இவன் புது மாணவன். இதுதான் முதல் பாடம்! இந்த ஒரு தமாஷில் காலத்தின் இரண்டு கணக்குகளும் சேர்ந்து நிற்கின்றன.

காரணம் சொல்லாத துணிவு

நாள் ஏன் திரும்பி வருகிறது? படம் சொல்லவில்லை. நம்மில் சிலருக்கு இது குறையாகத் தோன்றியிருக்கலாம். ஸ்டூடியோக்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. காரணம் வேண்டும் என்று கேட்டார்கள். கைவிடப்பட்ட ஒரு பழைய காதலி சாபம் போடுவதாக ஒரு பிரதியில் எழுதியும் வைத்தார்கள். பிறகு அது தூக்கி எறியப்பட்டது.

எறிந்தது நல்லதாயிற்று. சாபம் என்று ஒன்றைக் காட்டிவிட்டால் பரிகாரம் என்று ஒன்றைத் தேடவேண்டி வரும். மந்திரவாதியைத் தேடி ஓடும் கதையாகிவிடும். இப்போது பில்லுக்கு ஓட வேறு இடமில்லை. டாக்டரிடம் போகிறான், மூளையைப் படம் எடுக்கிறார்கள், ஒன்றுமில்லை. மனநோய் வைத்தியரிடம் போகிறான். அவர் நாளைக்கு வரச் சொல்லுகிறார்! வெளியிலிருந்து விடை வராது என்பது அவனுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் விளங்குகிறது. மாயத்தில் தொடங்கிய கதை, மாயத்தை மறந்துவிட்டு மனிதனைப் பார்க்கத் தொடங்குகிறது.

அவன் படிகள் ஒவ்வொன்றும் தருக்க ரீதியாகவே வருகின்றன. முதலில் குழப்பம். பிறகு, நாளை என்பது இல்லையென்றால் தண்டனையும் இல்லை என்ற கண்டுபிடிப்பு. தின்கிறான், குடிக்கிறான், வங்கி வண்டியிலிருந்து பணப்பையைத் தூக்குகிறான். அந்தத் திருட்டை எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறார்கள்! நாய் குரைப்பது, காவல்காரர் கவனம் சிதறுவது எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே நடந்து போய்ப் பையை எடுத்துக்கொண்டு வருகிறான். ஓட்டமில்லை, துப்பாக்கியில்லை. எத்தனை நாள் அந்தத் தெருவில் நின்று பார்த்திருப்பான் என்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரிகிறது. பிறகு சலிப்பு, சலிப்பின் முடிவில் சாவு. சாவும் பலிக்கவில்லை. ஆறு மணிக்கு அதே பாட்டு. அதற்குப் பிறகுதான் மூன்றாவது வழி திறக்கிறது.

காதல் சூத்திரமா?

இது காதல் படம். ஆகவே காதலைப் பற்றி இது என்ன சொல்லுகிறது என்று கேட்கவேண்டியது நம் கடமை.

பில் ரீட்டாவை வெல்ல எடுத்துக்கொள்ளும் முயற்சி ஒரு விற்பனைக்காரனின் முயற்சி. அவளுக்கு என்ன பானம் பிடிக்கும் என்று ஒரு நாள் தெரிந்துகொள்கிறான்; மறுநாள் தனக்கும் அதுவே பிடிக்கும் என்கிறான். அவள் எதற்காகக் கோப்பையை உயர்த்துவாள் என்று தெரிந்துகொண்டு, அடுத்த முறை உலக சமாதானத்துக்காகத் தானே உயர்த்துகிறான். கல்லூரியில் அவள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதை படித்தாள் என்று கேட்டுக் கேலிசெய்து சிரிக்கிறான். மறு நாளில் பிரெஞ்சே பேசுகிறான். ஒவ்வொரு நாளும் சரக்கை இன்னும் கொஞ்சம் மெருகேற்றி வைக்கிறான்.

ஒரு மாலை, இருவரும் பனியில் பொம்மை செய்து, பனியுருண்டை எறிந்து விளையாடுகிறார்கள். அது தானாக நிகழ்ந்த சந்தோஷம். அவளுக்கும் பிடித்திருந்தது. மறுநாள் அதையே திரும்ப நடத்திக்காட்ட பில் முயலுகிறான். அதே உருண்டை, அதே விழுகை, அதே சிரிப்பு. ஆனால் அவசரம் தெரிகிறது, ஆசை தெரிகிறது, சிரிப்பு உலர்ந்துவிட்டது. ரீட்டா விலகிப் போகிறாள். ஒரு வசனமும் இல்லாமல், முதல் காட்சியையும் இரண்டாம் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அன்புக்கும் சூத்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிட்டார்கள். பாவனையை எத்தனை முறை ஒத்திகை பார்த்தாலும் அது அன்பாகாது.

அவன் வெல்வது எப்போது? வெல்லும் எண்ணத்தை விட்டபோது. ஒரு நாள் உணவு விடுதியில் எல்லா உண்மையையும் அவளிடம் சொல்லிவிடுகிறான். அங்கிருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் வாழ்க்கையையும் சொல்லுகிறான். தட்டுகள் கீழே விழும் விநாடியையும் சொல்லுகிறான். அவள் நம்பி அந்த நாள் முழுவதும் அவனோடு இருக்கிறாள். மறுநாள் அவளுக்கு அது நினைவிருக்காது என்று தெரிந்தும் அவன் அமைதியாகத் தூங்கப் போகிறான். அங்கேதான் படத்தின் முதுகெலும்பு இருக்கிறது. பலன் கைக்கு வராது என்று தெரிந்த பிறகும் செய்கிற நல்ல காரியம்தான் அவனை மாற்றுகிறது. மரத்திலிருந்து விழும் ஒரு பையனைத் தினமும் ஓடிப்போய்ப் பிடிக்கிறான். பையன் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை! பில் திட்டிக்கொண்டே மறுநாளும் வருகிறான்.

மாறாதவர்களின் உழைப்பு

பில் மர்ரேயைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பேசவேண்டியதுதான். ஆனால் நாம் வேறு சிலரைப் பற்றியும் பேச விரும்புகிறோம்.

கதாநாயகன் மாறுகிறான் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? மற்றவர்கள் மாறாததால் தெரிகிறது. இன்ஷூரன்ஸ் விற்கும் நெட் பாத்திரத்தில் நடித்த ஸ்டீபன் டோபோலோவ்ஸ்கி ஒவ்வொரு முறையும் அதே உற்சாகத்தோடு, அதே குரலோடு, அன்றுதான் பார்த்தவரைப் போல ஓடிவர வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அளவுகோல் கோணிவிடும். விடுதிக்கார அம்மாள், மாடிப்படி மனிதர், பரிமாறும் பெண் எல்லோருமே இப்படித்தான். அளவுகோலாக நிற்பதும் நடிப்புத்தான். கைதட்டல் வாங்காத நடிப்பு.

படப்பிடிப்பின் கஷ்டத்தையும் எண்ணிப் பாருங்கள். படம் எடுத்தது பங்ஸுடானியில் அல்ல; இல்லினாய் மாகாணத்தில், சிகாகோவுக்கு வடமேற்கே உள்ள வுட்ஸ்டாக் என்ற ஊரில். 1992 மார்ச்சிலிருந்து ஜூன் வரை எடுத்தார்கள். மார்ச்சில் குளிர், ஜூனில் கோடை. கதையிலோ எல்லாம் ஒரே நாள்! வானம் ஒத்துழைக்காது என்று தெரிந்ததால், சில தெருக் காட்சிகளை வெவ்வேறு வானிலைகளில் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில் மப்பும் மந்தாரமுமாக இருந்ததையே தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குளிர்கால மங்கல் இல்லாவிட்டால் பில்லின் சலிப்பு நம் எலும்பில் ஏறியிராது. காட்சிகளை வரிசைப்படி எடுக்க முடியாத தொழில் இது. ஆகவே எந்தக் காட்சி எத்தனையாவது நாள், அன்று கோட்டு எப்படி இருந்தது, கோப்பை எந்தப் பக்கம் இருந்தது என்று கணக்கு வைக்க ஆட்கள் வேண்டும். அவர்கள் கணக்கில் ஒரு நாள் பிசகினால் கதையே பிசகிவிடும்.

ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கடைசிக் காலைக் காட்சியை எடுக்கும்போது ஒரு தகராறு வந்தது. பில்லும் ரீட்டாவும் முந்திய இரவு உடையிலேயே இருக்க வேண்டுமா, வேறு உடையிலா? அது தீர்மானமாகாமல் நடிக்க மாட்டேன் என்று மர்ரே நின்றுவிட்டார். ராமிஸ் அங்கிருந்த எல்லோரிடமும் ஓட்டுக் கேட்டார். ஓட்டு இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது. அப்போது அரங்க அமைப்புப் பிரிவில் உதவியாளராக இருந்த ஒரு இளம்பெண் பேசினாள். அதுதான் அவளுக்கு முதல் படம். முந்திய இரவு உடைதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் படமே கெட்டுவிடும் என்று அடித்துச் சொன்னாள். அப்படியே எடுத்தார்கள்.

அவள் சொன்னது எவ்வளவு சரி! உடை மாறியிருந்தால், இத்தனை காலமும் பில் துரத்தியதைக் கடைசியில் அடைந்துவிட்டான் என்று ஆகியிருக்கும். மாறாததால், துரத்துவதை அவன் விட்டுவிட்டான் என்று ஆயிற்று. படத்தின் அர்த்தத்தைப் பெரிய பெயர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, பட்டியலில் கீழே இருந்த ஒரு தொழிலாளி கையில் எடுத்துக் கொடுத்தாள்.

கிழவரின் சாவு

நம் கொட்டகை நிசப்தமான இடம் எது என்று கேட்டால், கிழவர் இறக்கும் இடம் என்போம். முதல் நாட்களில் பில் அவரைப் பார்த்தும் பாராமல் தன் பையைத் தடவிக்கொண்டு போனான். மாறிய பிறகு ஒரு நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறான், இறந்துவிடுகிறார். மறுநாள் சூடாக உணவு வாங்கிக் கொடுக்கிறான், இறந்துவிடுகிறார். மூச்சை ஊதிப் பார்க்கிறான், அன்றும் இறந்துவிடுகிறார். அந்த ஊரில் எல்லாவற்றையும் சரிசெய்யத் தெரிந்தவனுக்கு இது ஒன்று மட்டும் கைகூடவில்லை.

ஒரு கேளிக்கைப் படத்தின் நடுவில் இந்தச் சாவை வைக்கத் துணிவு வேண்டும். இது இல்லாவிட்டால் பில் ஒரு குட்டிக் கடவுளாகியிருப்பான். இது இருப்பதால் மனிதனாகிறான்.

ஆனால் இங்கே நம்முடைய ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கடுங்குளிரில் ஒரு முதியவர் தெருவில் நிற்க நேர்ந்தது ஏன் என்று படம் கேட்கவில்லை. விதி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. ஒரு மனிதனின் இரக்கம் அவருக்கு ஒரு வேளைச் சோறு போட்டது. அவர் அந்த மூலைக்கு வந்து சேர்ந்த கதை திரைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

குடிக்கடையில் ஒரு பேச்சு

படத்தின் தொடக்கத்தில் சிறிய காட்சி ஒன்று வருகிறது. பந்துருட்டி விளையாடும் விடுதியில் பில் உள்ளூர்க்காரர் இருவரோடு குடித்துக்கொண்டிருக்கிறான். ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு, தினமும் ஒரே நாளாக, என்ன செய்தாலும் எதுவும் மாறாமல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறான். பக்கத்தில் இருப்பவர், தன் வாழ்க்கை அதுதானே என்ற அர்த்தத்தில் பதில் சொல்லுகிறார்.

நீங்கள் அந்த இடத்தில் சிரித்தீர்கள். அது வேறு மாதிரிச் சிரிப்பு என்று நமக்குப் பட்டது. ஆறு மணிச் சங்குக்கு எழுந்து, அதே பஸ்ஸில் நின்று, அதே இயந்திரத்தின் முன் நிற்பவர்களுக்கு இது மாயக்கதையே அல்ல. பில் கானர்ஸுக்கு நேர்ந்த விபத்து இவர்களுக்கு வழக்கம். அந்த ஒரு வரியை எழுதிய கை, தன் கதை எங்கே வேரூன்றி நிற்கிறது என்பதை அறிந்த கை. உலகெங்கும் இந்தப் படம் பேசப்படுவதற்கும், 2006-ல் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டதற்கும், 2016-ல் லண்டனில் இசைநாடகமாக மேடையேறியதற்கும் இந்த வேர்தான் காரணம் என்பது நம் அபிப்பிராயம்.

ரீட்டாவின் நாள் எங்கே?

இன்னொரு குறை. பில்லுக்கு ஆயிரம் காலைகள் கிடைக்கின்றன. ரீட்டாவுக்கு எப்போதும் ஒரே ஒரு நாள்தான். அவன் அவளைப் பற்றி எல்லாம் சேர்த்து வைத்துக்கொள்கிறான். அவளுக்கு அவனைப் பற்றி ஒன்றும் நினைவில்லை. இது சமமான ஆட்டம் அல்ல. அவள் நல்லவள், அறிவுள்ளவள் என்று படம் சொல்லுகிறது. ஆனால் அவள் வளருவதற்கு நேரம் கொடுக்கவில்லை. ரூபினின் முதல் பிரதியில், முடிவில் ரீட்டாவும் தன்னுடைய ஒரு சுழலில் சிக்கியிருப்பது தெரியவரும். அந்த விதை அப்போது மண்ணில் விழாமல் போயிற்று.

பின்னால் வந்தவர்கள் இந்தக் குறையைக் கவனித்தார்கள். 2020-ல் மாக்ஸ் பார்பக்கவ் டைரக்ட் செய்து வெளிவந்த 'பாம் ஸ்பிரிங்ஸ்' என்ற படத்தில் ஆணும் பெண்ணும் இருவருமே சுழலுக்குள் இருக்கிறார்கள். இருவருக்கும் எல்லாம் நினைவிருக்கிறது. வெளியேறும் வழியைப் பௌதிகம் படித்துக் கண்டுபிடிப்பவளும் அந்தப் பெண்தான். நம் தமிழிலேயே 2021-ல் வெங்கட் பிரபுவின் 'மாநாடு' வந்தது. அது காதல் படமல்ல, அரசியல் கொலையைத் தடுக்கும் கதை. அதில் வில்லனுக்கும் சுழல் தெரிந்துவிடுகிறது என்பதுதான் புதுச் சங்கதி. ஒரு நல்ல படம் தன் குறைகளாலும் பிறருக்குப் பாடம் சொல்லுகிறது.

கடைசிக் காலை

முடிவுக்கு வருகிறோம். கடைசியில் மறுபடியும் ஆறு மணி. மறுபடியும் அதே பாட்டு. நம் நெஞ்சு ஒரு கணம் நின்றது, இல்லையா? ஐயோ, இன்னும் விடியவில்லையா என்று நினைத்தோம். அப்போது ஒரு கை நீண்டு வந்து ரேடியோவை நிறுத்துகிறது. அது ரீட்டாவின் கை.

பாட்டை மாற்றியிருக்கலாம், மேளதாளம் முழக்கியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. எல்லாவற்றையும் பழையபடியே வைத்துவிட்டு ஒரே ஒரு கையை மட்டும் சேர்த்தார்கள். அந்த ஒரு கைக்காகத்தான் அத்தனை முறை அந்தக் கடிகாரத்தை நமக்குக் காட்டியிருக்கிறார்கள். பிறகு இருவரும் வெளியே வருகிறார்கள். இந்த ஊரிலேயே வாழ்வோம் என்கிறான் பில். சொன்ன கையோடு, முதலில் வாடகைக்குப் பார்ப்போம் என்று சேர்த்துக்கொள்கிறான்! காவியம்போல் முடிய இருந்த படத்தை அந்த வாடகைப் பேச்சு மறுபடி மண்ணில் இறக்கிவிடுகிறது.

ராமிஸுக்கும் மர்ரேக்கும் இந்தப் படம் எடுக்கும்போதே மனத்தாங்கல் வளர்ந்தது. தமாஷ் எவ்வளவு, தத்துவம் எவ்வளவு என்பதில் அபிப்பிராய பேதம். அதற்குப்பின் ஏறக்குறைய இருபது ஆண்டு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ராமிஸ் நோயில் படுத்திருந்தபோது மர்ரே போய்ப் பார்த்தார். 2014-ல் ராமிஸ் காலமானார். இழந்த நாளைத் திரும்பக் கொடுக்கும் கதையை எடுத்தவர்களுக்கும் இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை. நமக்கும் திரும்பாது.

நண்பர் வாசலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லி முடிக்கிறோம். இந்தப் படத்தைச் செய்தவர்கள் பார்ப்பவனை மடையன் என்று நினைக்கவில்லை. காரணத்தை ஊட்டவில்லை, கண்ணீரைப் பிழியவில்லை, காட்டவேண்டியதைக் காட்டி, மிச்சத்தை நம் அறிவுக்கு விட்டார்கள். நம்மை மதித்துச் செய்யப்பட்ட வேலையை நாம் மதித்துப் பார்க்க வேண்டும். அடுத்த முறை ஒரு படம் நம்மை மதிக்காதபோது, அது என்ன மொழிப் படமானாலும், யார் நடித்ததானாலும், நமக்குக் கோபம் வரவேண்டும். அந்தக் கோபம் வருவதற்குத்தான் இந்தக் கூட்டம்.

நாளை காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். தேதி மட்டும் நிச்சயமாக மாறியிருக்கும். மற்றது நம் கையில் இருக்கிறது.